கோட்டை நம்மூர்ல, நீலப் போர்டு டெல்லியோடது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய கோட்டைகளப் பத்தி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான், இந்தத் தடவ வந்த கடிதத்துல பாதி அதப் பத்திதான். மாநிலத்துக்கிட்ட இருக்கற பழைய இடத்த மத்திய அரசு எடுத்துக்கிட்டா என்ன ஆகும், எப்படி எடுப்பாங்க, தடுக்க முடியுமா, எங்க வீட்டுக்கு என்ன ஆகும்னு. அதனால இந்த வாரம் சினிமா கேள்வி, சமையல் கேள்வி எல்லாம் கொஞ்சம் ஓரமா உக்காரட்டும்.

கேள்வி: எங்க ஊர்ல மாநில தொல்லியல் துறை பாத்துக்கற ஒரு பழைய சிவன் கோயில் இருக்கு சார். இத மத்திய அரசு எடுத்துக்கப் போகுதுன்னு டீக்கடைல ஒரே பேச்சு. ஒரு நாள் காலைல வந்து போர்ட மாட்டிட்டுப் போயிடுவாங்களா? (புதுக்கோட்டை மாவட்ட வாசகர்)

மத்திய அரசோட அந்த நீலப் போர்டு கடைசியா வர்ற ஐட்டம் சார். அதுக்கு முன்னாடி நிறைய பேப்பர் நடக்கும், அந்தப் பேப்பர் எதையும் ஊர்ல யாரும் பாக்க மாட்டாங்க, அதுதான் இதுல இருக்கற பெரிய கோளாறே.

1958-ல வந்த ஒரு சட்டம் இருக்கு, பழங்கால நினைவுச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம்னு நீளமான பேரு. அதுல 4-வது பிரிவுதான் உங்க கேள்விக்கு பதில். நூறு வருஷத்துக்குக் குறையாத எந்தச் சின்னத்தையும் தேசிய முக்கியத்துவம் உள்ளதுன்னு மத்திய அரசு அறிவிக்கலாம். ஆனா நேரா அறிவிச்சிட முடியாது, முதல்ல "இப்படி அறிவிக்க உத்தேசம்"னு கெஜட்ல ஒரு நோட்டீஸ் போடணும், அதோட ஒரு காப்பிய அந்தக் கோயில் பக்கத்துலயே கண்ணுல படற இடத்துல ஒட்டணும். கெஜட் தேதிலருந்து ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துக்குள்ள சம்பந்தப்பட்ட யார் வேணாலும் ஆட்சேபணை எழுதலாம். வந்த ஆட்சேபணையப் பரிசீலிச்சிட்டு ரெண்டாவது நோட்டீஸ் போடுவாங்க, அது வந்துடுச்சுன்னா முடிஞ்சுது. அந்த அறிவிப்ப வாபஸ் வாங்கற வரைக்கும், இந்த இடம் தேசிய முக்கியத்துவம் உள்ளதுங்கறதுக்கு அந்தக் காகிதமே இறுதி ஆதாரம்னு சட்டமே சொல்லுது. அப்புறம் "எங்க கோயில் அப்படி ஒண்ணும் பெருசு இல்லீங்க"ன்னு எவ்ளோ பணிவா சொன்னாலும் எடுபடாது.

டெல்லில உக்காந்து யாரும் உங்க கோயில கனவுல பாத்து எழுதறதில்ல. ஏ.எஸ்.ஐ.யோட, அதாவது மத்திய தொல்லியல் துறையோட, வட்ட அலுவலகத்துலருந்து (மண்டல ஆபீஸ் மாதிரி, தாலுகா இல்ல) முன்மொழிவு போகணும், அதுக்கு சர்வே நம்பர், கிராம வரைபடம், நிலம் யார் பேர்ல இருக்குங்கற விவரம் எல்லாம் வேணும், இதெல்லாம் தாலுகா ஆபீஸ் பீரோவுலதான் இருக்கு. அதனால கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாம இது நகராது. டீக்கடைல கேக்கறத விட அவர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் குழப்பிக்கறது. அறிவிச்ச உடனே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிடாது. பட்டா சுவாமி பேர்ல இருந்தா சுவாமி பேர்லயே இருக்கும், தனியார் பேர்ல இருந்தாலும் அப்படியே. மாறுறது சட்டம். அன்னைலருந்து மாநிலத்தோட தொல்லியல் சட்டம் அந்த இடத்துக்குப் பொருந்தாது, மத்திய சட்டம்தான். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் யார்கிட்ட கேக்கணும்ங்கறது மாறிடும். சொந்தமாவே வேணும்னா வாங்கறது, குத்தகைக்கு எடுக்கறது, நிலம் கையகப்படுத்தறதுன்னு வேற பிரிவுங்க இருக்கு, அது தனிக் கதை.

கேள்வி: மாநில அரசு முடியாதுன்னு சொன்னா? நம்ம சம்மதம் இல்லாம எடுக்க முடியுமா? (சென்னை, சட்டக் கல்லூரி மாணவி)

சட்டம் படிக்கற பொண்ணு, அரசியல் சாசனத்துல மத்திக்கு எது, மாநிலத்துக்கு எதுன்னு பிரிக்கற ஏழாவது அட்டவணைய எடுத்து வச்சுக்கிட்டு படிம்மா, சுவாரஸ்யமா இருக்கும். மூணு பட்டியல்லயும் நம்ம சப்ஜெக்ட் சிதறிக் கிடக்கு. மத்தியப் பட்டியல்ல 67-வது வரிசை எண், அது தேசிய முக்கியத்துவம்னு அறிவிச்ச சின்னங்க. மாநிலப் பட்டியல்ல 12, அப்படி அறிவிக்காத மத்த சின்னங்க. பொதுப் பட்டியல்ல 40, அறிவிக்காத தொல்லியல் இடங்க, அதாவது மண்ணுக்கடில இருக்கற மேடு, ஈமக்காடு இந்த மாதிரி. இப்ப கவனி, மாநிலத்துக்குக் கொடுத்த 12-ல "மத்தது"ன்னுதான் இருக்கு. வீட்டுல பெரியண்ணன் தனக்கு வேணுங்கறத எடுத்துக்கிட்டு மிச்சத்த தம்பிக்குன்னு சொல்ற மாதிரி. பெரியண்ணன் இன்னைக்கு எடுக்காதத நாளைக்கு எடுத்துக்கலாம், தம்பி பங்கு தானா சுருங்கும்.

இதுல பலரும் தாண்டிப் போற ஒரு சின்ன திருத்தம் இருக்கு. 1950-ல அரசியல் சாசனம் வந்தப்ப 67-ல பார்லிமென்ட் "சட்டத்தால" அறிவிச்சதுன்னு இருந்துச்சு. அப்படின்னா ஒவ்வொரு சின்னத்தோட பேரும் பார்லிமென்ட் போடற சட்டத்துலயே வரணும். அப்படித்தான் 1951-ல ஒரு சட்டம் போட்டு பட்டியல் பட்டியலா சேத்தாங்க. 1956-ல ஏழாவது திருத்தம் வந்தப்ப அத "சட்டத்தால அல்லது சட்டத்தின் கீழ"ன்னு மாத்தினாங்க. ரெண்டு வார்த்தைதான். ஆனா அதுக்கப்புறம் பார்லிமென்ட்ல எதுவும் பேச வேணாம், எம்.பி. யாரும் எழுந்திரிச்சு கேக்க வேணாம், அமைச்சகம் ஒரு கெஜட் அறிவிப்பு போட்டா போதும்னு ஆகிடுச்சு. 1958 சட்டம் அந்தக் கதவு வழியா வந்ததுதான்.

அதனால உன் கேள்விக்கு நேரான பதில், மாநிலத்தோட சம்மதம் வேணும்னு 4-வது பிரிவுல எங்கயும் இல்ல. மாநில அரசும் அந்த ரெண்டு மாசத்துல ஆட்சேபணை எழுதலாம், ஊர்க்காரர் எழுதற மாதிரியே. எழுதினா கனமா இருக்கும், அரசியல் அழுத்தம் இருக்கும், அது வேற. சட்டப்படி வீட்டோ, அதாவது தடுக்கற அதிகாரம், கிடையாது. எனக்கு இது சரின்னு படல. சம்மதம் வேணாம்னாலும் எழுத்துல கலந்து பேசணும்னாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

கேள்வி: மதுரை மீனாட்சி அம்மன் கோயில் ஏ.எஸ்.ஐ. கைல இருக்கா? (திருமங்கலம் வாசகர்)

இல்ல. மாநில அரசோட அறநிலையத்துறை. பக்கத்துலயே இருக்கற திருமலை நாயக்கர் மகால் மாநில தொல்லியல் துறை. கொஞ்சம் தள்ளி கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனீங்கன்னா ஏ.எஸ்.ஐ. ஒரே ஆட்டோல மூணு துறை பாத்துடலாம்.

கேள்வி: எங்க வீடு ஒரு பழைய கோட்டைலருந்து 150 மீட்டர். மேல ஒரு மாடி எடுக்கலாம்னு இருக்கோம். கோட்டை மத்திய அரசுக்குப் போனா மாடி கட்ட முடியாதுன்னு மேஸ்திரி பயமுறுத்தறார். (வாசகி, ஊர் வேணாம்னு கேட்டிருக்காங்க)

மேஸ்திரி பாதி சரி. மத்தியப் பாதுகாப்பு வந்தா சின்னத்தோட எல்லைலருந்து 100 மீட்டர் வரைக்கும் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 1992 ஜூன்ல அறிவிப்பா வந்தது, 2010-ல சட்டத்துக்குள்ளயே ஏத்திட்டாங்க. இந்தக் கணக்கு மத்திய சின்னத்துக்குத்தான், அதனாலதான் மாற்றம்னு சொன்னாலே சுத்தி இருக்கறவங்களுக்கு வயித்தக் கலக்குது, அதுல நியாயம் இருக்கு.

முதல் 100-க்குள்ள புதுசா கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்னாடியே இருக்கற வீடுன்னா ரிப்பேர் பாக்கறதுக்கு அனுமதி கேக்கலாம். உங்க 150 கட்டுப்பாட்டுப் பகுதில வரும், அங்க கட்டலாம், ஆனா என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிட்டு. தகுதிவாய்ந்த அதிகாரின்னு ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட மனு கொடுக்கணும், அவர் 15 நாளுக்குள்ள தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்பணும், ஆணையம் ரெண்டு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். சொல்லணும்னு சட்டத்துல இருக்கு, அவ்வளவுதான் நான் சொல்வேன். உயரத்துக்கு ஒரு அளவு போட்டுத்தான் அனுமதி வரும். வாங்காம கட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம்.

ஆனா அக்கா, 150 மீட்டர்ங்கறத எங்கருந்து அளந்தீங்க? இத ஏன் கேக்கறேன்னா என் மாமனார் வீட்டுக் கதை. அவரும் ஒரு கோட்டைக்குப் பக்கத்துலதான், கோட்டை மதில்லருந்து டேப் பிடிச்சு 110 மீட்டர் வருது, நாம நூறுக்கு வெளிய இருக்கோம்னு ஜம்பமா மனு கொடுத்தார். அளக்க வந்தவங்க சிரிச்சிட்டாங்க. பாதுகாக்கப்பட்ட எல்லைங்கறது கோட்டையோட அகழியும் சேத்து, அகழியோட வெளிக்கரைலருந்து அளந்தா அவர் வீடு 80-ல நிக்குது. அகழில தண்ணி இல்ல, முள்ளுச்செடியும் பிளாஸ்டிக் கவரும்தான் இருக்கு, ஆனா எல்லைன்னா எல்லைதான். மாடிக்கு வாங்கி வச்ச கம்பிய வித்துட்டார், நஷ்டத்துக்கு. அதனால மதில்ல, கோபுரத்துல டேப் வைக்காதீங்க, அறிவிப்புல எந்தெந்த சர்வே நம்பர் சேத்திருக்காங்கன்னு பாத்து அதோட ஓரத்துலருந்து அளங்க.

ஒண்ணு மட்டும் கடுப்பா இருக்கும். 2018 ஜனவரில இந்த 100 மீட்டருக்குள்ள மத்திய அரசு பணத்துல நடக்கற பொதுப்பணிகளுக்கு விலக்கு கொடுக்கலாம்னு ஒரு மசோதாவ லோக்சபால பாஸ் பண்ணாங்க. ராஜ்யசபா தேர்வுக் குழுவுக்குப் போய் அப்படியே காலாவதி ஆகிடுச்சு. ஆனது நல்லதுக்குத்தான், என் மாமனார் மாடி கட்டக்கூடாது ஆனா மேம்பாலம் கட்டலாம்னா அவர நான் வீட்டுல சமாளிக்க முடியுமா?

கேள்வி: ஏ.எஸ்.ஐ. வந்தா பூஜை நின்னுடும், கோயில மியூசியம் ஆக்கிடுவாங்கன்னு எங்க ஊர் பெரியவங்க சொல்றாங்க. உண்மையா? (கும்பகோணம் பக்கத்து வாசகர்)

கும்பகோணம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இந்தக் கேள்வியா! தாராசுரத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, ஏ.எஸ்.ஐ. கோயில்தான், உள்ள ஐராவதேஸ்வரருக்கு தீபாராதனை நடக்குதான்னு பாருங்க. தஞ்சைப் பெரிய கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் அப்படித்தான், கட்டடம் ஏ.எஸ்.ஐ., பூஜை வேற நிர்வாகம். 2020 பிப்ரவரி 5-ம் தேதி பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்கு எவ்ளோ கூட்டம்னு நாடே பாத்துச்சு.

பொதுவா நடைமுறை என்னன்னா, பாதுகாப்பு வந்த அன்னைக்கு பூஜை இருந்தா தொடரும், அன்னைக்கு பூஜை இல்லாம வெறும் கட்டடமா இருந்தா புதுசா ஆரம்பிக்க விட மாட்டாங்க. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல பூஜை கிடையாது, அதே ஊர்ல ஸ்தலசயனப் பெருமாள் கோயில்ல உண்டு, அது அறநிலையத்துறை. பெரியவங்க பயப்படறது கடற்கரைக் கோயில் மாதிரி பூஜை இல்லாத வகைய மனசுல வச்சுத்தான்னு நினைக்கறேன்.

அந்த விதிய ஊரே சேர்ந்து தாண்டின இடம் ஒண்ணு உண்டு, வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில். நூத்தாண்டுக் கணக்குல மூலவர் இல்லாம, பூஜை இல்லாம கிடந்துச்சு, ஏ.எஸ்.ஐ. பாதுகாப்புல. 1981 மார்ச்ல ஊர்க்காரங்க லிங்கத்த கொண்டு போய் உள்ள வச்சுட்டாங்க. ஏ.எஸ்.ஐ. ஒத்துக்கல. ஆனா வந்து உக்காந்த சாமிய யார் எழுப்பறது? இன்னிக்கு வரைக்கும் பூஜை நடக்குது. இத உதாரணமா எடுத்துக்கிட்டு யாரும் ராத்திரில கிளம்பிடாதீங்க.

நிஜமா கஷ்டப்படப் போறது பூஜைல இல்ல, அது சுத்தி இருக்கற சில்லறை விஷயங்கள்ல. திருவிழாவுக்கு பந்தக்கால் நட குழி தோண்டணும், மண்டபத்துல டியூப்லைட் போடணும், பிரகாரத்துல தகரக் கொட்டாய் போடணும், வெள்ளை அடிக்கணும். இதுக்கெல்லாம் அனுமதி. இதுல பாதிய அவங்க தடுக்கறது நல்லதுதான்னு நான் சொன்னா எனக்கு வசவு விழும், ஆனா சொல்றேன், கல்வெட்டு மேல மணல வேகமா பீய்ச்சி சுத்தம் பண்ணி எழுத்து அழிஞ்சு போன கோயில், கருங்கல் தூணுக்கு ஆயில் பெயின்ட் அடிச்ச கோயில் எல்லாம் நாமளே பக்தியோட செஞ்சதுதான்.

கேள்வி: தமிழன் கட்டின கோயிலுக்கு டெல்லி என்ன உரிமை கொண்டாடறது? (கோவை வாசகர்)

கோபம் புரியுது. பழைய கோபம் இது. 1970-கள்ல ராஜராஜ சோழனுக்கு சிலை வச்சு அத பெரிய கோயிலுக்குள்ள நிறுத்தணும்னு கலைஞர் அரசு நினைச்சப்ப மத்திய அரசு அனுமதிக்கல. கோயில கட்டினவரே வெளில நிக்கறார், போனா இன்னைக்கும் பாக்கலாம். அப்ப சட்டசபைலருந்து தெருமுனை வரைக்கும் பேசின பேச்சு இன்னும் ஓயல.

நான் இதுல நடுவுலதான் நிக்கறேன். ஆயிரம் வருஷக் கட்டடத்துக்குள்ள புதுச் சிலை வைக்கக்கூடாதுங்கற விதி நல்ல விதி. இன்னைக்கு ராஜராஜனுக்கு விட்டா நாளைக்கு வட்டச் செயலாளருக்கும் கேப்பாங்க. அதே சமயம் அந்த "கூடாது"ங்கறத தஞ்சாவூர்ல உக்காந்து ஒருத்தர் சொல்லியிருந்தா இவ்ளோ எரிஞ்சிருக்காது.

ஆந்திராலயும் இதே கதைதான். 2018 மே மாசம் திருமலைக் கோயில்கள பாதுகாக்கப்பட்ட சின்னமா எடுக்கற யோசனைல ஏ.எஸ்.ஐ.கிட்டருந்து ஒரு கடிதம் தேவஸ்தானத்துக்குப் போச்சு. கிளம்பின எதிர்ப்புல ஓரிரு நாள்லயே கடிதம் வாபஸ். சட்டத்துல மாநிலத்துக்கு வீட்டோ இல்லன்னு மேல சொன்னேன்ல, ஏழுமலையானுக்கு இருக்கு போல.

ஒரு விஷயம் சொல்லவா, நம்ம தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகமே ஏ.எஸ்.ஐ. பாதுகாப்புல இருக்கற செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளதான் நடக்குது. "கோட்டைக்குப் போறோம்"னு எல்லா கட்சியும் சொல்றாங்க, அந்தக் கோட்டைல மாநில அரசு ஒரு வகைல குடக்கூலிக்கு இருக்கறவர் மாதிரி.

கேள்வி: மத்திய அரசு எடுத்தா நல்லா பாத்துப்பாங்கதானே? மாநிலத்துக்கிட்ட காசு எங்க இருக்கு? (திருச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, இந்த நம்பிக்கைலதான் நிறைய ஊர்க்காரங்க அவங்களே மனு போட்டு "எங்க கோட்டைய எடுத்துக்கோங்க"ன்னு கேக்கறாங்க. இதுக்கு கொஞ்சம் கணக்கு பாப்போம்.

நாடு முழுக்க மத்திய பாதுகாப்புல சுமார் 3,690 சின்னங்கள் இருக்கு, தமிழ்நாட்டுல மட்டும் 400-க்கு மேல. 2013-ல தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) அறிக்கை வந்துச்சு, நேர்ல போய் பாத்தப்ப 92 சின்னத்தக் காணோம்னு. கிணத்தக் காணோம்னு சினிமாவுல சிரிச்சோமே, அதேதான், கல்லறையக் காணோம், கோயிலக் காணோம். அப்புறம் தேடி சிலத கண்டுபிடிச்சாங்க. 2022 டிசம்பர்ல பார்லிமென்ட் குழு முன்னாடி சொன்ன கணக்கு 50 காணோம், அதுல 14 நகரம் வளந்து விழுங்கிடுச்சு, 12 அணைத் தண்ணிக்குள்ள போயிடுச்சு, 24 எங்கன்னே தெரியல. அதே குழு அறிக்கைல இன்னொரு எண்ணும் இருக்கு, காவலாளி இருக்கறது 248 இடத்துல மட்டும்னு. மூவாயிரத்து அறுநூத்துச் சொச்சத்துல 248 ஐயா.

சரி மாநிலம் ஒழுங்கான்னா அதுவும் இல்ல. மாநில தொல்லியல் துறை 1961-ல ஆரம்பிச்சது, அவங்க சட்டம் 1966-ஆம் வருஷத்துது, பட்டியல் சின்னது, ஆள் அதவிட கம்மி. ரெண்டு பேர் பட்டியல்லயும் வராம வயக்காட்டுல கிடக்கற நடுகல்லுங்கதான் எண்ணிக்கைல அதிகம், அதப் பத்தி ரெண்டு சர்க்காரும் சண்டை போடறதில்ல, அதுல நிழற்படம் எடுக்க ஒண்ணும் இல்லையே.

மத்திய கைல இருக்கற நன்மைன்னு நேர்மையா சொன்னா ரெண்டு. ஒண்ணு அந்த 100 மீட்டர் விதி, உங்க எதிர் வீட்டுக்காரருக்கு எரிச்சல்னாலும் கோட்டைய ஒட்டி நாலு மாடி லாட்ஜ் வராது. ரெண்டாவது வேல தெரிஞ்ச கை, கல்ல கழட்டி நம்பர் போட்டு திரும்ப அடுக்கற வேலை, ரசாயன முறைல சுவரோவியம் சுத்தம் பண்றது, இதெல்லாம் அவங்க நூறு வருஷமா செய்யறாங்க, சித்தன்னவாசல்ல அந்த ஓவியம் இன்னிக்கு கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியுதுன்னா சும்மா இல்ல. குறைன்னா தூரம். உங்க திருச்சிக்கே தனி வட்ட அலுவலகம் 2020-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் எல்லாத்துக்கும் சென்னைதான்.

அதனால எடுக்கலாமா வேணாமான்னு கேட்டா நான் கோயிலப் பாத்து முடிவு பண்ண மாட்டேன், வர்றவங்க அங்க ஒரு ஆள உக்கார வைப்பாங்களான்னு கேப்பேன். வாட்ச்மேன் இல்லாத மத்தியப் பாதுகாப்ப விட சாயங்காலம் பூட்டிட்டு சாவிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாநில ஊழியர் ஒருத்தர் மேல்.

கேள்வி: டிக்கெட் காசு யாருக்குப் போகுது? (செஞ்சி வாசகர்)

மத்திய அரசோட கஜானாவுக்கு, செஞ்சிக்கு இல்ல. மாமல்லபுரம் மாதிரி பெரிய இடத்துல நம்மாளுக்கு 40 ரூபா, வெளிநாட்டுக்காரருக்கு 600, அடுத்த தரத்துல 25, 300. 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு டிக்கெட் இல்ல. உங்க கோட்டை 2025 ஜூலைல மராட்டிய ராணுவக் கோட்டைகளோட சேந்து யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயிருக்கு, கூட்டம் கூடும், லாபம் பாக்கணும்னா இளநீர்க் கடை போடுங்க, 100 மீட்டர் தாண்டி.

கேள்வி: கீழடி மத்திய அரசுலருந்து மாநிலத்துக்கு வந்துச்சே, அப்ப தலைகீழாவும் மாத்தலாம்தானே? (சிவகங்கை வாசகர்)

அது அதிகார மாற்றம் கிடையாது சார், தோண்டற அனுமதி. ரெண்டையும் குழப்பிக்கறாங்க. கீழடில 2015-லருந்து முதல் மூணு கட்டம் ஏ.எஸ்.ஐ. தோண்டினாங்க, முதல் ரெண்டு கட்டம் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமைல, அவர 2017-ல அசாமுக்கு மாத்தினாங்க, மூணாவது கட்டத்தோட அவங்க நிறுத்திட்டாங்க. நாலாவது கட்டத்துலருந்து, 2018-ல, மாநில தொல்லியல் துறை. ஆனா மாநிலம் தோண்டறதுக்கும் டெல்லி அனுமதி வேணும், பாதுகாக்கப்படாத வெறும் தென்னந்தோப்பா இருந்தாலும் சரி. அது அதே 1958 சட்டத்துல 24-வது பிரிவு. அதாவது மண்ணு நம்மளது, மம்முட்டி நம்மளது, "தோண்டு"ங்கற வார்த்தை மட்டும் அங்கருந்து வரணும்.

சண்டை நடக்கறது அறிக்கைல. அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரில அறிக்கைய கொடுத்தார், 2025 மே மாசம் திருத்தம் பண்ணச் சொல்லி திருப்பி அனுப்பினாங்க. மாநிலம் அவங்க நாலாவது கட்டத்து அறிக்கைய 2019 செப்டம்பர்லயே போட்டுட்டாங்க, ஒண்ணரை வருஷத்துக்குள்ள. இன்னொரு பக்கம் ஆதிச்சநல்லூர பாருங்க, அது ஏ.எஸ்.ஐ. இடம், 114 ஏக்கர், 2004-05-ல தோண்டினதுக்கு அறிக்கை வர பல வருஷம் இழுத்து கோர்ட் படியெல்லாம் ஏற வேண்டியிருந்துச்சு. யார் கைல இருந்தாலும் தோண்டினா இத்தன மாசத்துக்குள்ள அறிக்கை வெளியிடணும்னு கறாரா பிடிச்சா இந்தச் சண்டைல முக்கால்வாசி இருக்காது.

தலைகீழா மாத்த முடியுமான்னு கேட்டீங்க, முடியும். 35-வது பிரிவு. இது இனிமே தேசிய முக்கியத்துவம் இல்லன்னு மத்திய அரசே அறிவிச்சா பட்டியல்லருந்து போயிடும். 2024 மார்ச்ல 18 சின்னத்த அப்படி நீக்கறதா அறிவிச்சாங்க, டெல்லி பாராகம்பா கல்லறைத் தோட்டம், ஜான்சில ஒரு ஆங்கிலேய சிப்பாயோட கல்லறைன்னு, எல்லாம் காணாமப் போனதுங்கதான். அதாவது தொலைஞ்சா நீக்குவாங்க. நல்லா இருக்கறத மாநிலம் கேட்டு கொடுத்த கதை எனக்கு நினைவுக்கு வரல.

கேள்வி: நம்ம கல்வெட்டுப் படியெல்லாம் மைசூர்ல ஏன் இருக்கு? (ஈரோடு வாசகி)

ஆபீஸ் அங்க போனதால. ஏ.எஸ்.ஐ.யோட கல்வெட்டுப் பிரிவு 1886-ல பெங்களூர்ல ஆரம்பிச்சு, 1903-ல ஊட்டிக்கு வந்து, 1966-ல மைசூர் போச்சு, மைப்படிகளும் கூடவே போச்சு. 2021 ஆகஸ்ட்ல ஐகோர்ட் மதுரைக் கிளை தமிழ்க் கல்வெட்டுப் படிகள சென்னைக்குக் கொண்டு வரச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. மைப்படிங்கறது கல்லு மேல ஈரக் காகிதத்த ஒட்டி மை ஒத்தி எடுக்கறது, கல்லு உடைஞ்சு போன ஊருக்கெல்லாம் அந்தக் காகிதம்தான் மிச்சம். அதனால இதுல கோபப்படறதுக்கு காரணம் இருக்கு.

கேள்வி: ஆட்சேபணை எழுதணும்னா எப்படி எழுதறது? (மறுபடியும் அதே புதுக்கோட்டை மாவட்ட வாசகர், அஞ்சல் அட்டைல)

அஞ்சல் அட்டைல எழுதாதீங்க, முதல்ல. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட. டெல்லில இருக்கற ஏ.எஸ்.ஐ. தலைமை இயக்குநர் பேருக்கு, கெஜட் எண், தேதி போட்டு. "எங்க மனசு புண்படுது"ன்னு நாலு பக்கம் எழுதினா பரிசீலிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது. எந்தெந்த சர்வே நம்பர் சேக்கக்கூடாது, ஏன்னு எழுதுங்க. தேர் எந்தத் தெரு வழியா சுத்தும், வருஷத்துல எந்தெந்த நாள் பந்தல் போடுவீங்க, பூஜை தினமும் நடக்குதா, குளத்துக்குப் போற பாதை யார் யார் பயன்படுத்தறாங்க, நூறு மீட்டருக்குள்ள எத்தன வீடு, அதுல எத்தன 1992-க்கு முன்னாடி கட்டினது, வீட்டு வரி ரசீது நகல். முழுசா வேணாம்னு சொல்றதுக்குப் பதிலா எல்லைய மட்டும் சுருக்கச் சொல்லியும் கேக்கலாம், கோயிலும் மதிலும் மட்டும் போதும், குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள நத்தம் வேணாம்னு. எனக்குத் தெரிஞ்சு அதுதான் புத்திசாலித்தனமான மனு.

கிராம சபைல தீர்மானம் போட்டு அதையும் இணைங்க. ரெண்டு மாசம் கெஜட் தேதிலருந்து எண்ணுவாங்க, நீங்க பாத்த தேதிலருந்து இல்ல. அதனால கோயில் சுவத்துல நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, தேதி தெரியற மாதிரி, பக்கத்துல யாரையாவது நிக்க வச்சு. ஆடு தின்னுடும்.